விழும் முன்னே உருகிய மருந்து

அத்தியாயம் 6

போன வாரம் வந்தபோது கோகிலா அழுதாள். இன்று அழவில்லை. மகாதேவிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது மகாதேவியின் அலுவலகம். பதினாறு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக விபத்துகளை விசாரித்தவள். எது மெய் விபத்து, எது செய்து வைத்த விபத்து என்று பார்த்தே கண் பழகிவிட்டது. ஊர் யாழ்ப்பாணம். 1997இல் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இந்த ஊரில் துப்பறியும் நிலையம் வைத்து நடத்துவது லேசான காரியமல்ல. அதற்காகவே கபூர் இருந்தார். ஐம்பது வயது, சொந்தமாக ஒரு த்ரீவீல் ஆட்டோ, மூன்று மொழியிலும் ஓயாத வாய்.

கோகிலா சாக்கில் சுற்றிய ஒரு பொருளை மேசைமேல் வைத்தாள். இடுப்பில் பால் வெட்டும் கத்தி செருகியிருந்தது. எஹலியகொடைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் அவள். கத்தி இருப்பதில் புதுமை இல்லை. ஆனால் இன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

"நாளைக்கு வியாழக்கெழம. பதினொரு மணிக்கு அந்த டாக்டரு தோட்டத்துக்கு வர்றாரு. அவரா இல்லியான்னு அதுக்குள்ள சொல்லிருங்கம்மா. நீங்க சொல்லலன்னா அவருதான்னு நான் எடுத்துக்குவேன்."

"எடுத்துக்கொண்டு என்ன செய்யப் போறீர், பிள்ளை?"

"ஒரு கோடு. மரத்துக்குப் போடற மாதிரி."

"தங்கச்சி, டொக்டர்ட கழுத்துல பால் வராது. சிரட்டய கட்டி வேலையில்ல" என்றார் கபூர்.

யாரும் சிரிக்கவில்லை. கபூரும் சிரிக்கவில்லை.

கதை இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் கோகிலாவின் தம்பி சசி, ரப்பர் சீட்டுகளைக் காயப்போடும் ஸ்மோக்கவுசில் மேல் தட்டு ஏறினான். இருபதடி உயரம். மிதித்த பலகை முறிந்து கீழே விழுந்தான். தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். அங்கே ஓர் ஊசி போட்டார்கள். இப்போது இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. வயது இருபத்து நான்கு.

"விழுந்தப்ப வலிக்குதுன்னுதான் கத்துனான். ஊசி போட்டதும் கூரையில மீன் நீந்துதுங்குறான். அதுக்கப்புறம் கால் இல்ல. அந்த ஊசி டாக்டரு கேதீசன் குடுத்து வச்ச புது ஊசி. இங்கிலீசுல ஒரு பேப்பர நீட்டி எங்கிட்டக் கையெழுத்து வாங்குனாங்க. அதுல என்னா இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மகாதேவி சாக்கை அவிழ்த்தாள். முறிந்த பலகை. அடிப்பக்கத்தில் பாதிக் கனம் வரை நூல் பிடித்தது போல் ஒரு வெட்டு. மீதிப் பாதிதான் சிராய் சிராயாக முறிந்திருந்தது.

"இது தானா முறியேல்லை. ஆரோ அறுத்து வைச்சிருக்கினம்."

"அது எனக்கே தெரியுதும்மா. யாருன்னுதான் கேக்கறேன்."

தச்சன் வாள் இவ்வளவு மெல்லிய கோடு போடாது. வெட்டின் இடுக்கில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. மகாதேவி கொண்டை ஊசியால் அதைச் சுரண்டிக் கபூரின் உள்ளங்கையில் போட்டாள்.

"கபூர் நானா, என்ன இது?"

கபூர் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்ல, ருசி இல்ல. எங்கட மாமி அவிக்கிற புட்டு மாதிரி ஈக்கி." பிறகு விரல்களுக்கிடையே தேய்த்தார். முகம் மாறியது. தன் இடது முழங்கையைத் தொட்டார். "மிஸ், இத நான் ஒன்றரை மாசம் கையில சுமந்தேன். போன வருஷம் த்ரீவீல் சாஞ்சி கை ஒடஞ்சப்ப போட்ட பிளாஸ்டர். வெட்டி எடுக்கக்குள்ள இதே தூள்தான் பறந்தது."

"அப்ப இது பிளாஸ்டர் வெட்டுற வாள்."

"டாக்டரு வாளு" என்றாள் கோகிலா. எழுந்து நின்றாள். "நான் சொன்னேன்ல. அவருக்கு ஊசி போட்டுப் பாக்க, முதுகு ஒடஞ்ச ஆள் ஒன்னு வேணும். கெடைக்கல. அதனால ஒரு ஆள உண்டாக்கிட்டாரு."

அந்த வாதத்தில் மகாதேவிக்கு ஓட்டை தெரியவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு டிஸ்பென்சரிக்கு வாறன். அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதேயும்."

"பத்து வரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோகிலா படியிறங்கினாள்.

பெல்மதுளை வீதியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையும் இரண்டு படுக்கையறைகளும்தான் டொக்டர் கேதீசனின் ஆய்வு நிலையம். நாற்பது வயது. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். குற்ற விசாரணைக்கு வந்தவர்களைப் போல அவர் மகாதேவியையும் கபூரையும் பார்க்கவில்லை. தன் வேலையைப் பற்றி முதல் தடவையாக யாரோ கேட்க வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார்.

"முள்ளந்தண்டு நசுங்கின உடனே எல்லாம் முடிஞ்சு போறதில்லை. முதல் அடி கொஞ்ச நரம்புக் கலங்களை, செல்களைத்தான் கொல்லும். செத்த கலத்தில இருந்து குளுட்டமேட் எண்டொரு இரசாயனம் கொட்டும். அது பக்கத்துக் கலத்தின்ர கதவைத் திறந்து வைச்சு அதையும் கொல்லும். பிறகு அதுக்குப் பக்கத்தில உள்ளது. இப்பிடி மணித்தியாலக் கணக்கா நடக்கும். என்ர மருந்து அந்தக் கதவில போய்க் குந்திக்கொண்டு அடைச்சுப் பிடிக்கும்."

"குளுட்டமேட்டுன்னா ஃப்ரைட் ரைஸ்ல போடுற அஜினோமோட்டோவா, டொக்டர்?" என்றார் கபூர்.

"அதே குடும்பம்தான்."

"அல்லாவே! நான் கிழமைக்கு மூணு தரம் சாப்பிடுறேனே."

"வாயால போறது முள்ளந்தண்டுக்குப் போகாது."

"போனா நல்லம். எனக்கு முதுகெலும்பே இல்லன்னுதானே பொஞ்சாதி செல்லுற."

மகாதேவி இருவரையும் நிறுத்தினாள். "சசி கூரையில மீன் கண்டவன்."

"மருந்தின்ர குணம் அது. மூளையிலயும் இதே கதவுகள் இருக்கு. அங்கயும் அடைச்சா இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளில போயிடும்."

"கால் போனது?"

"அது விழுந்ததால. மருந்து காலை எடுக்காது. திருப்பிக் குடுக்குமோ எண்டுதான் பாக்கிறம். எலியில வேலை செய்தது. மனிசரில செய்யுமோ எண்டு இன்னும் ஆருக்கும் தெரியாது."

"இதை அந்தப் பிள்ளைக்கு விளங்கிற பாஷையில சொன்னீங்களோ? பேப்பர் இங்கிலீஷில இருந்ததாம்."

டொக்டர் கேதீசன் மேசையைப் பார்த்தார். "தமிழில அடிக்க நேரம் கிடைக்கேல்லை."

"ஊசி போட நேரம் கிடைச்சிருக்கு."

அவர் பேச்சை மருந்தின் பக்கம் திருப்பினார். தோட்டத்தில் விழுகிறவன் லொறி கிடைத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஐந்தாறு மணித்தியாலம் ஆகிறது. அதற்குள் செத்துப்போகிற கலமெல்லாம் செத்துவிடும். அதனால்தான் ஆறு தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு மருந்தை அனுப்பி, அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்களுக்குப் பழக்கியும் வைத்தேன் என்றார். விழுந்து நாலு மணித்தியாலத்துக்குள் ஊசி போட வேண்டும். அதுதான் விதி.

"இராசநாயகம் எண்ட டிஸ்பென்சர் இருக்கிறாரே, சசியின்ர தோட்டத்தில, அவரைப் போல மனம் வைச்சுச் செய்யிற ஆள் வேற இல்லை. அவரின்ர மகனும் இடுப்புக்குக் கீழ ஏலாமப் படுத்திருக்கிறான். மூண்டு வருஷத்துக்கு முன்னம் டிராக்டர் பிரண்டது. பழைய காயத்துக்கு இந்த மருந்து உதவாது. அது தெரிஞ்சும் அவர்தான் முதல் ஆளா வந்து சேந்தவர்." அலுமாரியில் இருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பெருமையோடு நீட்டினார். "பாருங்கோ. விழுந்தது ஒன்பதேகால். ஊசி ஒன்பது ஐம்பது. முப்பத்தைஞ்சு நிமிஷம்! பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளிலயும் இப்பிடி நடக்கிறதில்லை."

நேரம் பொய்யாக இருக்க முடியாது என்று மகாதேவிக்குத் தெரியும். ஒன்பது மணிச் சங்கு ஊதித் தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் சசி ஏறினான் என்று தோட்டமே சொன்னது. ஊசி போட்டு லொறியில் ஏற்றும்போது ரேடியோவில் பத்து மணிச் செய்தி தொடங்கியதைக் கோகிலாவே கேட்டிருக்கிறாள்.

"மருந்தை எங்க வைக்கிறது?"

"ஃபிரிட்ஜில, ஐஸ் பிடிக்கிற மேல் தட்டில. கட்டியா உறைஞ்சிருக்கும்."

கபூர் முன்னால் சாய்ந்தார். "நான் முந்தி ஐஸ் பக்கட் வேன் ஓட்டின ஆள், டொக்டர். பொட்டியில இருந்து எடுத்த உடனே அது கல்லு. அத அப்படியே கடிச்சி ஒரு கிழவன் கட்டின பல்ல ஒடச்சிக்கிட்டு எனக்கிட்ட வழக்குக்கு வந்த."

"இதுவும் கல்லுத்தான். அப்பிடியே ஊசியில இழுக்க ஏலாது. வெளியில எடுத்து வைச்சு, தன்பாட்டில உருக விட வேணும். ரெண்டு மணித்தி..."

டொக்டர் கேதீசன் நின்றுவிட்டார்.

மேலே மின்விசிறி கடகடத்தது. டொக்டர் படிவத்தைத் திருப்பி எடுத்தார். ஒன்பதேகால். ஒன்பது ஐம்பது. விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"சூடாக்கியிருந்தா?" என்றாள் மகாதேவி.

"சூடாக்கினா திரிஞ்சு போகும். குப்பியே வெள்ளையாப் போயிடும்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தோட்டத்தில் இருந்து திரும்பி வந்த வெறுங்குப்பி. தண்ணீர் ஊற்றிக் கழுவியது போல் பளிச்சென்று இருந்தது. "இது... தன்பாட்டில உருகினதுதான்."

"அப்ப இதை ஃபிரிட்ஜில இருந்து எடுத்தது ஏழு ஐம்பதுக்கு முன்னம். கபூர் நானா, ஏழு ஐம்பதுக்கு சசி என்ன செய்துகொண்டிருந்தவன்?"

"நடந்துக்கிட்டு இருந்தான், மிஸ்."

அந்தக் குரலில் பகிடி இல்லை.

"ஃபிரிட்ஜ் பூட்டின்ர திறப்பு ஆரிட்ட?"

"டிஸ்பென்சரிட்ட மட்டும்தான்."

"அண்டைக்குக் காலமை நீங்கள் எங்க?"

"கொழும்பில. எட்டரைக்கு ஒரு கூட்டத்தில பேசினனான். முந்நூறு பேர் இருந்தவை." அவர் குப்பியை மேசையில் வைத்தார். "நான் இதைக் கவனிச்சிருக்க வேணும்."

"ஏன் கவனிக்கேல்லை?"

"அந்த முப்பத்தைஞ்சு நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு."

மகாதேவி எழுந்தாள். "நாளைக்குத் தோட்டத்துக்கு வராதேங்கோ."

"ஏன்?"

"கழுத்துக்குச் சரியில்ல, டொக்டர்" என்றார் கபூர்.

மறுநாள் காலை எஹலியகொடைக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் சிப்பாய் மகாதேவியின் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். கபூர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் அவசரமாக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்ட நின்றான்.

"என்ன சொன்னீங்கள்?"

"உங்களுக்குப் பேய் பிடிச்சி ஈக்கி, ஓட்டக் கூட்டிப் போறேன்னு."

டிஸ்பென்சரி வாசலில் கோகிலா நின்றிருந்தாள். பத்தாக ஐந்து நிமிடம். மகாதேவி அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டாள்: "டிஸ்பென்சரின்ர மகன் விழுந்த டிராக்டர், அதை ஓட்டினது ஆர்?"

கோகிலா புரியாமல் பார்த்தாள். "எந்தம்பிதான். டிஸ்பென்சரு மகன் சுரேனும் அவனும் ஒன்னா வளந்த பயலுக. அந்தாண்ட வளைவுல கவுத்துப்புட்டான். அதுக்கப்புறம் டிராக்டரத் தொட உடல. ஸ்மோக்கவுசுல போட்டுட்டாங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"நீர் வெளியில நில்லும். நான் கூப்பிடுறன்."

இராசநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முப்பது வருடத்துக்கு முன் வடக்கில் இருந்து வேலைக்கு வந்தவர், இந்தத் தோட்டத்திலேயே மனைவியை இழந்தவர். டிஸ்பென்சரிக்கு ஒட்டினாற்போல அவருடைய வீடு. நடுவில் ஒரு கதவு மட்டும்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோ மெதுவாகப் பாடியது.

"டொக்டர் வரேல்லையோ?" என்றார்.

"வரமாட்டார். உங்களிட்டப் பிளாஸ்டர் வெட்டுற வாள் இருக்கோ? ஒருக்காப் பாக்கலாமோ?"

இராசநாயகம் அவளையே பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து வாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கபூர் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"சார், பிளாஸ்டர் வெட்டுற வாள்ட பல்லு இடுக்குல இன்னும் மரத்தூள் எப்படி வந்த? இந்தத் தோட்டத்துல ஆக்களுக்கு மரக்காலா?"

"ஏழு ஐம்பதுக்கு முன்னம் மருந்தை எடுத்து வெளியில வைச்சிருக்கிறீங்கள்" என்றாள் மகாதேவி. "விழாத ஆளுக்கு."

இராசநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுப்பார் என்று மகாதேவி எதிர்பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில் பதினாறு வருடமும் எல்லோரும் முதலில் மறுத்துத்தான் பார்த்தார்கள்.

"ஏழரைக்கு எடுத்தனான்" என்றார்.

"பலகை?"

"முதல் நாள் பின்னேரம். அந்தத் தட்டில ஏறுறது அவன் மட்டும்தான். தேத்தண்ணி குடிச்ச உடனே ஏறுவான்."

"ஏன் மருந்து? விழுத்த நினைச்ச ஆள் ஏன் மருந்தை உருக்கி வைக்க வேணும்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"என்ர பிள்ளை பிரண்டு கிடக்கேக்க இந்த மருந்து இருக்கேல்லை. லொறி கிடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு மணித்தியாலம். நான் அவன்ர தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். டொக்டர் வந்து இந்த மருந்தைப் பற்றிச் சொன்ன நாளில இருந்து எனக்கு ஒரே கேள்விதான். அண்டைக்கு இது இருந்திருந்தா அவன் நடந்திருப்பானோ? அவனை இப்பிடி ஆக்கினவன் என்ர கண்ணுக்கு முன்னால ரெண்டு காலாலயும் நடந்து திரியிறான். மூண்டு வருஷம் பொறுத்தனான். சசி எழும்பி நடந்தா என்ர பிள்ளையும் நடந்திருப்பான் எண்டு எனக்குத் தெரியும். எழும்பாட்டி ரெண்டு பேரும் சமம். எப்பிடிப் பாத்தாலும் எனக்கொரு பதில் கிடைக்கும்."

"எலி கிடைக்கல்லயா சார் உங்களுக்கு?" என்றார் கபூர். பகிடியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது வாளை மேசைமேல் போட்டுவிட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. கோகிலா கூப்பிடும் வரை நிற்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கை இடுப்புக்குப் போனது.

இராசநாயகம் ஓடவில்லை. தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

"வெட்டு பிள்ளை. இல்லாட்டிப் பொலிசுக்குக் குடு. ரெண்டும் சரிதான். ஆனா உள்ளுக்குக் கிடக்கிறவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. அவன்ர அப்பா நல்லவன் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறான். அந்த நினைப்பு ஒண்டுதான் அவனுக்கு மிச்சம்."

கோகிலா அவரை வெகு நேரம் பார்த்தாள். எங்கே அடித்தால் வலிக்கும் என்பதை அவரே அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

இடுப்பில் இருந்து கையை எடுத்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, நடுக்கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

"பிள்ளை! வேண்டாம் பிள்ளை!" இராசநாயகம் பின்னாலேயே ஓடினார்.

மகாதேவி அவளைத் தடுத்திருக்கலாம். கை எட்டும் தூரத்தில்தான் நின்றாள். தடுக்கவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் சுரேந்திரன் படுத்திருந்தான். இருபத்தைந்து வயது. மெலிந்த முகம், சவரம் செய்து சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு காலையும் அப்பா செய்து விடுகிற சவரம். கோகிலாவைக் கண்டதும் ரேடியோவைக் குறைத்தான்.

"கோகிலாக்கா! சசி எப்பிடி இருக்கான்? கால் அசையுதா?"

"அசையல. அசையாது." அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "ஒங்கப்பாதான் அவன விழ வச்சாரு. நிக்கிற பலகைய அறுத்து வச்சாரு. நீ விழுந்ததுக்குப் பழி. இப்பத்தான் அவரு வாயாலயே சொன்னாரு. கேட்டுப் பாரு."

சுரேந்திரன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கதவில் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, மெய்யோ?"

இராசநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

பையன் கண்ணை மூடிக்கொண்டான். கோகிலா அசையாமல் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். தம்பி ஆஸ்பத்திரியில் கண் விழித்துக் கால் எங்கே என்று கேட்டபோது தனக்கு என்ன ஆனதோ, அது இந்த வீட்டில் ஆக வேண்டும் என்றுதான் வந்தாள். ஆகிக்கொண்டிருந்தது.

சுரேந்திரன் கண்ணைத் திறந்தபோது அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான்.

"டிராக்டரை ஓட்டினது நான்."

சுரேந்திரன் ரேடியோவை முழுதாக நிறுத்தினான்.

"நான் படிச்சுக்கொண்டிருந்த சோதினைக்கு ஒரு மாசம் இருந்தது. டிராக்டர் பக்கம் கண்டா முதுகுத் தோலை உரிப்பன் எண்டு சொல்லியிருந்தீங்கள். நான்தான் சசியிட்டக் கெஞ்சி வாங்கினனான். அவன் மட்கார்டில குந்திக்கொண்டு, மெதுவா மெதுவா எண்டு கத்திக்கொண்டு வந்தவன். வளைவில என்ர கை தவறிட்டுது. ஆக்கள் ஓடி வரேக்க, 'நாந்தான் ஓட்டுனேன்' எண்டு அவன் சொல்லிப்போட்டான். நான் ஆஸ்பத்திரியில முழிச்சுப் பாக்கேக்க நீங்கள் அவனை ஏசிக்கொண்டு நிண்டீங்கள்."

"பிறகாவது..." என்று தொடங்கினார் இராசநாயகம்.

"பிறகு எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் என்னைக் கழுவித் துடைச்சுக்கொண்டு அவனைச் சபிச்சீங்கள். அந்தச் சாபம் இல்லாட்டி நீங்கள் செத்துப் போயிருப்பீங்கள், அப்பா. அதாலதான் சொல்லேல்லை. அவன் கிழமைக்கு ஒருக்கா, நீங்கள் மேல் டிவிஷனுக்குப் போற நேரம் பாத்து, இந்த ஜன்னலுக்கு வந்து நிண்டு கதைச்சிட்டுப் போவான். இப்ப ரெண்டு கிழமையா வரேல்லை."

இராசநாயகம் கதவு நிலையோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. "நீயோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கதற வைக்க வேண்டும் என்றுதான் கோகிலா இந்தக் கதவைத் தாண்டினாள். அவள் செய்ய நினைத்ததையெல்லாம்விடப் பெரியதாக ஒன்று நடந்துவிட்டது. இனிச் செய்ய அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கபூர் தோட்டத்து ஆபீசுக்குப் போய் பொலிசுக்கு டெலிபோன் பண்ணினார். பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. இராசநாயகம் தானாகவே எழுந்து நடந்தார். ஜீப்பில் ஏறும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவனைப் பிரட்டிப் படுக்க வைக்க வேணும். இல்லாட்டி முதுகு புண்ணாப் போகும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் கோகிலா. "ரெண்டு வாரமா அதத்தான செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

செய்வேன் என்று அவள் சொல்லவில்லை. செய்யமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகாதேவிதான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் பேசி, சுரேந்திரனைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்பட்டாள்.

கோகிலாவையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீல் இரத்தினபுரிக்குத் திரும்பியது. சோதனைச் சாவடியில் அதே சிப்பாய் மகாதேவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையைக் கேட்காமலே வழி விட்டான்.

ஆஸ்பத்திரியில் நோயாளர்களைப் பார்க்கும் நேரம். சசியின் கட்டில் வார்டின் கடைசியில் இருந்தது. மகாதேவியும் கபூரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கோகிலா மட்டும் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் தம்பியிடம் சொன்னாள். பலகை, மருந்து, இராசநாயகம், பொலிஸ் ஜீப், எல்லாம்.

சசி கடைசி வரைக்கும் கேட்டான்.

"சுரேன இப்ப யாரு பாத்துக்கறா?" என்றான்.

"அவனப் பத்திக் கேக்காத! நீ எதுக்குடா பழிய ஏத்துக்கிட்ட? மூணு வருசம்! எங்கிட்டக்கூட ஏன்டா சொல்லல?"

"அன்னைக்கு டிராக்டருக்கு அடியில கெடந்துக்கிட்டு, அப்பா வர்றாரு அப்பா வர்றாருன்னுதான் கத்துனான்க்கா. கால் போனதே அவனுக்குத் தெரியல. அப்பா ஏசுவாருங்கற பயம்தான். எனக்கு அப்பா, அம்மான்னு ஏசறதுக்கு ஆளே இல்லியே. நம்மள யாரு கேக்கப் போறான்னு நெனச்சேன். அதான் சொல்லிப்புட்டேன்."

கோகிலா அவன் முகத்தைப் பார்த்தாள். போர்வைக்குக் கீழே அசையாமல் கிடந்த கால்களைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து நின்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில், "அறிவு கெட்ட பயலே! நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று தொடங்கினாள்.

நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள். கோகிலா நிறுத்தவில்லை. பின்னேர மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பும் வரைக்கும் அவனை ஏசிக்கொண்டே இருந்தாள். சசி அத்தனையையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு கிடந்தான்.